டாய்லெட் கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

டாய்லெட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரு ரப்பர் சீலிலோ, ஒரு வாஷரிலோ, தளர்ந்துபோன ஒரு நட்டிலோ வந்து முடியும். கையை வைத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்காமல் பாகத்தை மாற்ற ஆரம்பித்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். டேங்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று மேலே இருக்கும் ஃபில் வால்வை மாற்றுவார்கள். கசிவோ அடியில் இருக்கும் சீலில் இருக்கும். ஃபிளஷில் வேகம் இல்லை என்று டேங்கையே மாற்றுவார்கள். அடைப்போ கோப்பையின் விளிம்புத் துளைகளில் இருக்கும். அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் சோதனை முதலில், ஸ்பேனர் பிறகு.

வேண்டிய சாமான்கள் அதிகம் இல்லை. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், பிளஞ்சர் (அடைப்பு எடுக்கும், பிடி வைத்த ரப்பர் கிண்ணம்), டெஃப்லான் டேப், பஞ்சு, வாளி, ரப்பர் கையுறை. பிளஞ்சர் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. வெறும் அரைக்கோள வடிவில் இருப்பது சிங்க்குக்கானது. உள்ளிருந்து கீழ்நோக்கி ஒரு கழுத்து நீண்டிருப்பதுதான் கோப்பையின் வாயில் பொருந்தி உட்காரும்.

தண்ணீரை நிறுத்துவது

சுவரிலிருந்து டேங்குக்கு வரும் குழாயில் இருக்கும் ஆங்கிள் வால்வை வலப்பக்கமாகத் திருப்பி மூடுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு சுலபத்தில் திரும்பாது. ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு உடைந்து தண்ணீர் பீய்ச்சும். அப்படிப்பட்ட வால்வை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்கான மெயின் வால்வை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். மூடித் திறந்த பிறகு ஆங்கிள் வால்வின் தண்டு ஓரத்தில் ஈரம் கசிந்தால், கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

டேங்க் மூடியைக் கழற்றியதும் தரையில் துணி விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சறுக்கி விழுந்து உடையும்; மூடி மட்டும் தனியாக, அதே மாடலுக்குக் கிடைப்பது அரிது.

உள்ளே மூன்று விஷயங்களை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். தண்ணீரை நிரப்பி, மிதவை மேலே வந்ததும் நிறுத்துவது ஃபில் வால்வு. நடுவில், அடித்துளையை மூடிக்கொண்டு நிற்பது ஃபிளஷ் வால்வு. சில டேங்கில் அது சங்கிலி கட்டிய ரப்பர் மூடி, இரட்டைப் பொத்தான் டேங்கில் உயரமான பிளாஸ்டிக் உருளை. மூன்றாவது, நிற்கும் திறந்த குழாய். தண்ணீர் அளவு மீறினால் தரையில் வழியாமல் கோப்பைக்குள் போவதற்கான ஓவர்ஃப்ளோ அது.

ஓயாமல் ஓடும் தண்ணீர்

வீடுகளில் அதிகம் வரும் கோளாறு இதுதான். அதிகம் கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான், ஏனென்றால் பாதி நேரம் சத்தமே கேட்காது.

மூடியைத் திறந்து ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைப் பாருங்கள். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்தால் கோளாறு ஃபில் வால்வில், அல்லது மிதவையின் உயரத்தில். தண்ணீர் மட்டம் அந்த வாய்க்கு 2 முதல் 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். மிதவையை ஒட்டி இருக்கும் திருகையோ கிளிப்பையோ சரிசெய்து மட்டத்தை இறக்குங்கள். இறக்கிய பிறகும் தண்ணீர் நிற்கவில்லையா? மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். அப்போது நின்றால் மிதவை எதிலோ உரசுகிறது, அல்லது அதற்குள் தண்ணீர் புகுந்து கனத்துவிட்டது. தூக்கிப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் வால்வின் உள் வாஷர் தேய்ந்திருக்கிறது, இல்லை மணல் சிக்கியிருக்கிறது.

ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் போகவில்லை, ஆனால் யாரும் ஃபிளஷ் செய்யாத நேரத்தில் டேங்க் தானாக ஒரு நிமிடம் நிரம்பும் சத்தம் கேட்கிறது என்றால், அடியில் சீல் கசிகிறது. உறுதிசெய்ய, டேங்கில் உணவுச் சாயம் பத்துச் சொட்டு விட்டு, ஃபிளஷ் செய்யாமல் 30 நிமிடம் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு வீணாகிறது என்று கணக்கிடவும் முடியும். ஆங்கிள் வால்வை மூடி, டேங்கின் உட்சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். டேங்க் உள்ளளவு 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்றால், மட்டம் 1 செ.மீ. இறங்குவது 600 மி.லி. அது அரை மணி நேரத்தில் இறங்கினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர். சத்தமே இல்லாமல் போகும் தண்ணீர் இது.

அந்தப் பென்சில் கோடு இன்னொன்றும் சொல்லும். தண்ணீர் குறிப்பிட்ட இடம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், கசிவும் அந்த உயரத்தில்தான். ஓவர்ஃப்ளோ குழாயில் கீறல் இருக்கலாம். ஃபில் வால்விலிருந்து ஓவர்ஃப்ளோவுக்குப் போகும் மெல்லிய டியூபையும் பாருங்கள். அதன் நுனி குழாய்க்குள் ஆழமாக, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், சில வால்வுகளில் அதன் வழியாகவே தண்ணீர் உறிஞ்சப்பட்டு வெளியேறும். நுனி எப்போதும் ஓவர்ஃப்ளோ வாய்க்கு மேலே, கிளிப்பில் நிற்க வேண்டும்.

சீலைச் சுத்தம் செய்வது, மாற்றுவது

ஆங்கிள் வால்வை மூடி, ஃபிளஷ் செய்து, மிச்சத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ரப்பர் மூடி வகை என்றால் இரண்டு காதுகளையும் கழற்றி, சங்கிலியை விடுவித்தால் கைக்கு வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தை விரலால் தேயுங்கள். விரலில் கறுப்பாக ஒட்டினால் ரப்பர் கரைய ஆரம்பித்துவிட்டது. கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். ஒட்டாமல், மென்மையாகவே இருந்தால் மூடி உட்காரும் வளையத்தை நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். உப்பு படிந்து சொரசொரப்பாகத் தட்டுப்படும் இடம்தான் கசியும் இடம். வினிகரில் நனைத்த ஸ்பாஞ்சால் தேய்த்தால் போய்விடும். கத்தியால் சுரண்டக் கூடாது, விழும் கீறல் புதுக் கசிவாகிவிடும்.

புது மூடி வாங்கும்போது பழையதை எடுத்துச் செல்லுங்கள். 2 அங்குலம், 3 அங்குலம் என இரண்டு அளவு உண்டு, ஒன்று மற்றதில் உட்காராது. மாட்டியதும் சங்கிலியில் 1 செ.மீ. அளவு தொய்வு விடுங்கள். இறுக்கமாக இருந்தால் மூடி முழுதாக உட்காராது. மிகத் தொய்வாக இருந்தால் மூடியை முழுதாகத் தூக்காது, சில நேரம் மூடிக்கடியிலேயே சிக்கிக்கொள்ளும்.

இரட்டைப் பொத்தான் டேங்கில், பெரும்பாலான மாடல்களில், உருளையைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் மேலே வந்துவிடும். அடியில் தட்டையான சிலிகான் வளையம் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிக் கழுவி, தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே சில மாதம் ஓடும், ஆனால் புது வளையம் போடுவதுதான் சரி. திரும்ப மாட்டியதும் பொத்தானைச் சரிபாருங்கள். பொத்தானிலிருந்து இறங்கும் தண்டு நீளமாக இருந்தால் டேங்க் மூடியை வைத்ததும் அது வால்வை அழுத்திக்கொண்டே இருக்கும். மூடி இல்லாதபோது நிற்கும் தண்ணீர் மூடி வைத்தால் ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். தண்டைத் திருகிக் குறைத்து, பொத்தானுக்கும் வால்வுக்கும் நடுவே நூலளவு இடைவெளி விடுங்கள்.

டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிளஷ் செய்யாத இரவு முழுக்க சீல் அந்தக் கரைசலில் ஊறுகிறது. ரப்பர் வீங்கி, வெடித்து, சீக்கிரம் போய்விடும்.

ஃபில் வால்வு

கீச்சென்ற சத்தம், நிரம்ப நெடுநேரம் ஆவது, நிற்காமல் சொட்டுவது: மூன்றுக்கும் முதல் மருந்து கழுவுவதுதான். தண்ணீரை மூடிவிட்டு வால்வின் தலையைக் கழற்றுங்கள். மிதவை தண்டைச் சுற்றி ஏறி இறங்கும் வகையில் தலையை இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினால் வரும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு, திறந்த வாய்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வைப் பத்து விநாடி திறந்து மூடுங்கள். மணலும் துருவும் வெளியே வந்துவிடும். நிரம்ப நேரமாகிறது என்பது மட்டும்தான் குறை என்றால், கனெக்‌ஷன் ஹோஸைக் கழற்றி, அது சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேதான் அடைத்திருக்கும்.

வால்வையே மாற்றுவதென்றால்: டேங்கைக் காலி செய்து, ஹோஸைக் கழற்றி, டேங்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கழற்றுங்கள். புது வால்வின் வாஷர் டேங்குக்கு உள்பக்கம் வர வேண்டும், நட்டு வெளிப்பக்கம். கையால் இறுக்கி, அதற்குமேல் அரைச் சுற்று போதும். உயரத்தைச் சரிசெய்யும் வகை என்றால், வால்வில் இருக்கும் எல்லைக் குறி (CL என்று இருக்கும்; தண்ணீர் நிற்கும் மட்டம் அல்ல) ஓவர்ஃப்ளோ வாய்க்கு 2.5 செ.மீ. மேலே வரும்படி வையுங்கள். ரப்பர் வாஷர் உள்ள ஹோஸ் நுனிக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர். டேப் சுற்ற வேண்டியது ஆங்கிள் வால்வு சுவருக்குள் இறங்கும் மரைக்கு, அதுவும் இறுக்கும் திசையிலேயே.

ஃபிளஷில் வேகம் இல்லை

ஒரு வாளியில் 6 முதல் 8 லிட்டர் தண்ணீரை எடுத்து, கோப்பைக்குள் சட்டென்று ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். எல்லாம் சுழன்று உள்ளே போய்விட்டால் கழிவுப் பாதை நன்றாக இருக்கிறது. குறை டேங்கிலோ விளிம்புத் துளைகளிலோ. தண்ணீர் தயங்கி மேலே எழும்பி மெதுவாக இறங்கினால் பாதையில் அரை அடைப்பு. கீழே ‘அடைப்பு’ என்ற தலைப்பில் இருப்பதைப் பாருங்கள்.

டேங்க் பக்கம் என்றால் தண்ணீர் மட்டம் குறைவா, ரப்பர் மூடி பாதியிலேயே விழுந்துவிடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஒரு சின்னக் கண்ணாடியைக் கோப்பைக்குள் நீட்டி விளிம்பின் அடியைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் அந்தத் துளைகள் பாதி மூடியே இருக்கும். வளைத்த கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டு, வினிகரில் நனைத்த டிஷ்யூவைத் துளைகளின் மேல் விளிம்பு நெடுக அழுத்தி ஒட்டி, இரவு முழுக்க விடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான வினிகரை ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ஊற்றினால் உள்பாதையும் சுத்தமாகும். காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்து ஃபிளஷ் செய்யுங்கள்.

கோப்பையில் படிந்த மஞ்சள் உப்புக் கறைக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றுங்கள். அதற்கு முன் கோப்பையில் நிற்கும் தண்ணீரைப் பிளஞ்சரால் தள்ளி வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் நீர்த்துப்போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, உயிர் சம்பந்தப்பட்டது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட கோப்பையில் ஆசிட், வினிகர், சிட்ரிக் அமிலம் எதையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்ன அறையில் அது நுரையீரலைப் பதம்பார்த்துவிடும். ஒன்றைப் பயன்படுத்தினால் பலமுறை ஃபிளஷ் செய்துவிட்டு, மற்றதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமோனியா கலந்த கிளீனரையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

அடைப்பு

தண்ணீர் விளிம்பு நோக்கி எழும்புகிறதா? இரண்டாவது முறை ஃபிளஷ் செய்யாதீர்கள். தரை முழுக்க அசுத்தமாவது அந்த இரண்டாவது அழுத்தலில்தான். டேங்கைத் திறந்து ரப்பர் மூடியைக் கையால் அழுத்திவிட்டு, ஆங்கிள் வால்வை மூடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் முதலில் சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் கால் கப் விட்டு, கை தாங்கும் சூட்டில் ஒரு வாளித் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றி, 20 நிமிடம் விடுங்கள். கோப்பை ஏற்கெனவே நிறைந்திருந்தால் மக்கால் மொண்டு குறைத்துக்கொண்டு ஊற்ற வேண்டும். கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது. திடீர்ச் சூட்டில் பீங்கான் வெடிக்கும்.

பிளஞ்சர் போடும்போது அதன் ரப்பர் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அடைப்பு அசையாது. தண்ணீர் சுருங்காது, கொடுக்கும் அழுத்தம் அப்படியே அடைப்பைப் போய்ச் சேரும். சாய்த்து இறக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முதல் அழுத்தல் மெதுவாக இருக்கட்டும், இல்லையென்றால் முகத்தில் தெறிக்கும். பிறகு வாயை விட்டு எடுக்காமல் 15, 20 முறை தள்ளி இழுங்கள். பலரும் தள்ளுவதில்தான் பலத்தைக் காட்டுகிறார்கள். அடைப்பைக் குலைப்பது இழுப்பு. தண்ணீர் சரசரவென்று இறங்கினால் உடனே ஃபிளஷ் வேண்டாம். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தரைமட்டக் கோப்பைக்கும் இதே முறைதான்.

மூன்று நான்கு சுற்றிலும் அசையவில்லை என்றால் கிளாசெட் ஆகர் எனப்படும் சுருள் கம்பி. 1 முதல் 1.8 மீட்டர் நீளம் இருக்கும். வளைவில் ரப்பர் உறை போட்டது வாங்கினால் பீங்கானில் கறுப்புக் கீறல் விழாது. கைப்பிடியை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். தடுக்கும் இடத்தில் குத்தாமல், கொஞ்சம் பின்வாங்கி மீண்டும் சுற்றினால் கொக்கி பொருளைப் பிடித்துக்கொள்ளும். சுற்றியபடியே வெளியே இழுங்கள்.

உள்ளே விழுந்தது பிரஷ், பாட்டில் மூடி, பொம்மை மாதிரி கெட்டியான பொருள் என்று தெரிந்தால் பிளஞ்சரைத் தொடவே கூடாது. வளைவுக்குள் இறுகிவிடும், பிறகு கோப்பையையே கழற்ற வேண்டி வரும். கையுறை போட்டு எட்டுமா பாருங்கள், இல்லையென்றால் நேராக ஆகர்.

காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிகளை டாய்லெட்டில் ஊற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கோப்பையில் நிற்கும் தண்ணீரில் நீர்த்துப்போய், அடைப்பை அடையும்போது வீரியம் இருக்காது. அது கிளப்பும் சூடு பீங்கானுக்கு ஆகாது. வேலை செய்யாவிட்டால் கோப்பை நிறைய அரிக்கும் திரவம் நிற்கும், அதில் பிளஞ்சர் போடுவது கண்ணுக்கு ஆபத்து. ஈர வைப்ஸ், நாப்கின், பஞ்சு ஆகியவற்றைக் கோப்பையில் போடாமல் இருந்தாலே வீட்டு அடைப்புகளில் பெரும் பகுதி வராது. கரையும் என்று உறையில் போட்ட வைப்ஸும் டிஷ்யூ போலக் கரைவதில்லை.

ஃபிளஷ் செய்யும்போது குளியலறைத் தரை வடிகாலில் தண்ணீர் மேலே வந்தால், அல்லது இரண்டு மூன்று வடிகால் ஒன்றாக மந்தமானால், அடைப்பு கோப்பையில் இல்லை. மெயின் லைனிலோ, காற்றுப் போக்கிக் குழாயிலோ, நிரம்பிய செப்டிக் டேங்கிலோ இருக்கிறது. அங்கே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தரையில் ஈரம்

எல்லா இடத்தையும் துடைத்துக் காயவிட்டு, ஆங்கிள் வால்வு, ஹோஸின் மேல் நட்டு, டேங்க் போல்ட்டுகள், கோப்பையின் அடி ஆகிய நான்கு இடங்களிலும் உலர்ந்த டிஷ்யூ வையுங்கள். டேங்கில் சாயம் விட்டு ஃபிளஷ் செய்து, எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். அடியில் நிறத் தண்ணீர் வந்தால், கசிவது கோப்பையிலிருந்து கழிவு வெளியேறும் வெளிவாயின் சீல். டேங்கின் வெளிச்சுவர் முழுக்க நிறமில்லாத முத்துமுத்தான துளிகள் என்றால் அது கசிவே இல்லை, குளிர்ந்த டேங்கில் ஈரக் காற்று வேர்ப்பது. சீல் கசிந்து ஓயாமல் புதுத் தண்ணீர் நிரம்பும் டேங்க் அதிகம் வேர்க்கும்.

டேங்க் போல்ட்டில் கசிந்தால் உள்ளே தலையை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு, அடியில் நட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். பிறகு அடுத்த பக்கம் கால் சுற்று. ஒரு பக்கமே இறுக்கினால் டேங்க் பிளந்துவிடும். நிற்கவில்லை என்றால் போல்ட் வாஷர்களை மாற்றுங்கள்.

வெளிவாய் சுவருக்குள் போகும் கோப்பையில் ரப்பர் கனெக்டரும், தரைக்குள் போவதில் மெழுகு வளையம் அல்லது ரப்பர் வளையமும் இருக்கும். மாற்றக் கோப்பையைத் தூக்கியாக வேண்டும். கனம் அதிகம் என்பதால் இரண்டு பேர் இருந்தால்தான் தொடங்குங்கள். தண்ணீரை மூடி, காலி செய்து, ஹோஸையும் தரை போல்ட்டுகளையும் கழற்றி, ஓரத்து சிலிகானைக் கத்தியால் அறுத்து நேராகத் தூக்குங்கள். திறந்த குழாய் வாயில் பழந்துணியைத் திணித்து வைத்தால் வாயு ஏறாது; கோப்பையை வைக்கும்முன் அதை எடுக்க மறக்கக் கூடாது. பழைய மெழுகைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புது வளையம் வைத்து, கோப்பையை நேராக இறக்கி உடல் எடையால் அழுத்துங்கள். இறக்கிய பிறகு தூக்கிச் சரிசெய்தால் அந்த வளையம் வீண், மறுபடி புதிதுதான். கோப்பை ஆடினால் போல்ட்டை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் ஆப்பு வைத்துச் சமன்செய்யுங்கள். ஓரத்தில் சிலிகான் பூசும்போது பின்பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுவிட்டால், பின்னாளில் கசிந்தால் தெரியும். சிலிகான் காய 24 மணி நேரம் கொடுங்கள்.

துர்நாற்றம்

1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற எஸ் வடிவ வளைவின் தத்துவம்தான் இன்றும் எல்லாக் கோப்பையிலும் இருக்கிறது: வளைவில் நிற்கும் தண்ணீரே சாக்கடை வாயுவுக்கு மூடி. புழங்காத கழிப்பறையில் அது ஆவியாகி வற்றினால் நாற்றம் நேராக மேலே வரும். ஒரு ஃபிளஷ் போதும். நெடுநாள் பூட்டப்போகும் வீடு என்றால் ஃபிளஷ் செய்தபின் நாலு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றினால் மேலே படலமாக நின்று ஆவியாவதைக் குறைக்கும். புழங்கும் கோப்பையிலேயே மட்டம் தானாகக் குறைந்தால், வளைவில் சிக்கிய முடியோ துணி நூலோ திரி போலத் தண்ணீரை இழுத்து அந்தப் பக்கம் சொட்டவிடுகிறதா என்று ஆகர் விட்டுப் பாருங்கள். அதுவும் இல்லை, பக்கத்து வடிகால் ஓடும்போது கோப்பை களகளவென்று சத்தம் போடுகிறது என்றால் காற்றுப் போக்கிக் குழாயில் அடைப்பு.

சீட்

சீட் ஆடினால் கீலின் மேல்மூடியை நிமிர்த்தி, திருகைப் பிடித்துக்கொண்டு அடியில் நட்டைக் கையால் இறுக்குங்கள். அடியில் கை எட்டாத மாடலில் மேலிருந்து திருகினாலே உள்ளே ரப்பர் விரிந்து பிடிக்கும். அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் எவ்வளவு திருகினாலும் நிற்காது, கீல் செட்டை மாற்றிவிடுங்கள்.